பங்குத்தந்தையிடம் வரும் கேள்வி

"சாமி, அப்பாவுக்கு வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் பாவமா?" மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் பங்குத்தந்தையிடம் கேட்பது இது. குருமடத்தில் நாங்கள் விதியைப் படித்தோம். அந்த இயந்திரத்தைக் கண்டதில்லை. ஒருமுறை "செபிப்போம்" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டோம்.

திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957 நவம்பரில் மயக்க மருந்து மருத்துவர்களிடம் விளக்கினார்: உயிர்காக்கச் சாதாரண வழிகள் கடமை, கடும் பாரமாகும் வழிகள் கடமையல்ல. பாரம் எது என்பதை நோயாளியின் நிலைதான் சொல்லும். நல்லபாம்பு கடித்து மூச்சு நின்ற வாலிபனை அதே வென்டிலேட்டர் சில நாளில் மீட்கக்கூடும். புற்றுநோயின் கடைசிக் கட்டத்திலுள்ள முதியவருக்கு மரணத்தைத் தள்ளிப்போடுவதோடு சரி. அதை மறுப்பது தற்கொலையாகாது, ஆனால் வழக்கமான பராமரிப்பை நிறுத்தலாகாது என்கிறது 1980 வத்திக்கான் அறிக்கை.

உங்கள் காணிக்கையில் நடக்கும் உயிரியல் அறநெறி வகுப்புக்கு வரும் பங்குத்தந்தையரை முதலில் வார்டுக்குள் அழைத்துச் செல்கிறோம். பாடம் பிறகு.