படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு யாருடைய வரி?

காலையில் குருமண்வெளித் துறையில் நின்றால், வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் ‘பாதை’யைக் காணலாம். மட்டக்களப்பில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை. அதில் ஏறுகிறவர்களில் ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு வீடு எழுவான்கரையில், பள்ளிக்கூடம் படுவான்கரையில். சூரியன் எழும் பக்கத்திலிருந்து சூரியன் படும் பக்கத்துக்குத் தினமும் போய் வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அவர்களோடு வாவியைக் கடக்கிறது. அதுதான் பணம். மண்டூரில் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளம் மண்டூரில் திரட்டப்பட்டதன்று. அவ்வூர் வீடுகளுக்கு வரும் எந்த வரிச்சீட்டிலும் ‘பாடசாலை’ என்று ஒரு சொல் இருக்காது. அப்படியானால் அந்தப் பணத்தைக் கட்டுகிறவர் யார்? இந்தக் கேள்விக்கு உலகம் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எந்தப் பதிலைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் வாழ்வே மாறிவிடும்.

அமெரிக்காவின் பல பகுதிகளில் வீட்டு வரிதான் பள்ளிக்கூடத்தைத் தாங்குகிறது. பாடசாலை மாவட்டம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, காணிகளின் பெறுமதியைக் கணக்கிட்டு அதில் ஒரு வீதத்தை அறவிடுகிறது. வரியைக் கூட்ட வேண்டுமானால் பல மாநிலங்களில் ஊராரிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற வேண்டும். அப்போது ஊர் இரண்டாகப் பிரியும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் வேண்டும் என்பார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் தாங்காது என்பார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 1978இல் கலிபோர்னியா மக்கள், சொத்து வரி வீட்டின் மதிப்பில் 1 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வாக்களித்தே சட்டமாக்கினார்கள்.

வெளிப்பார்வைக்கு இது அழகான மக்களாட்சி. உள்ளே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ பெருநகரப் பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பாடசாலை மாவட்டங்கள். முதலாவது ஏழைகள் வாழும் பகுதி, இரண்டாவது வசதியானவர்களின் பகுதி. 1967–68 கல்வி ஆண்டில் எட்ஜ்வுட்டில் 100 டொலர் பெறுமதிக்கு 1.05 டொலர் வரி. அலமோ ஹைட்ஸில் 0.85 டொலர்தான். ஏழைகளே கூடுதல் வீதத்தில் கட்டினார்கள். ஆனாலும் மாநிலத் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு மிஞ்சியது 26 டொலர். அலமோ ஹைட்ஸில் 333 டொலர்.

காரணம் எளிது. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு 5,960 டொலர் பெறுமதியான சொத்துத்தான் இருந்தது. அலமோ ஹைட்ஸில் 49,000 டொலருக்கு மேல். சிறிய கிணற்றில் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் பெரிய குளத்தின் தண்ணீர் வராது. எட்ஜ்வுட் பெற்றோர்களுள் ஒருவரான டிமெட்ரியோ ரொட்ரிகஸ் வழக்குத் தொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973 மார்ச்சில் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் தரப்புத் தோற்றது. அந்நாட்டின் அரசியலமைப்பில் கல்வி அடிப்படை உரிமையாகச் சொல்லப்படவில்லை என்பது தீர்ப்பின் முக்கியமான ஒரு காரணம்.

இப்போது அந்த முறையை நம் வாவிக்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். எழுவான்கரையில் கடைத்தெருவும் மாடி வீடுகளும் இருப்பதால், ஒரு பிள்ளைக்கு 20 இலட்சம் ரூபாய் பெறுமதியான சொத்து என்று கொள்வோம். வயலும் மேய்ச்சல் தரையும் சிறிய வீடுகளும் உள்ள படுவான்கரையில் ஒரு பிள்ளைக்கு 2 இலட்சம். இரு கரையிலும் அரை வீத வரி என்றால், இங்கே ஒரு பிள்ளைக்கு 10,000 ரூபாய், அங்கே 1,000 ரூபாய். அக்கரை இக்கரையை எட்டிப்பிடிக்க வேண்டுமானால் 5 வீதம் கட்ட வேண்டும். பத்து மடங்கு வரி கட்டினால்தான் அதே கரும்பலகை, அதே ஆய்வுகூடம். வாவியின் அகலம் பிள்ளைகளின் அறிவுக்கு நடுவே வந்து நின்றுவிடும்.

நம் ஊரிலும் வீட்டுக்கு வரி உண்டு. சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் சொல்கிறோம். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதத்தை மாநகர சபையோ நகர சபையோ அறவிடுகிறது. பிரதேச சபைகளும் அபிவிருத்தியடைந்த பகுதிகளில் அறவிடுகின்றன. முழு ஆண்டு வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவும் உண்டு. அந்தப் பணம் தெருவிளக்குக்கும் வடிகானுக்கும் குப்பை அகற்றவும் பொது நூலகத்துக்கும் போகிறது. ஆசிரியர் சம்பளத்துக்குப் போவதில்லை.

இங்கே மட்டக்களப்புக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழி மரபு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மகள் கலியாணம் செய்யும்போது வீடு அவளுக்கே சீதனமாகப் போகிறது; மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஆகவே இங்கே பாடசாலைக்கென்று வீட்டு வரி விதித்தால், அதன் பாரம் பெரும்பாலும் பெண்களின் பெயரில் உள்ள சொத்தின் மேல்தான் விழும். வரி என்பது வெறும் எண்ணாக இருந்ததில்லை. அது விழும் இடத்தில் ஒரு குடும்பமும் ஒரு மரபும் இருக்கின்றன.

பள்ளிக்கூடச் செலவை ஊரோடு கட்டிவைக்கும் முயற்சி இலங்கையிலும் நடந்ததுண்டு. 1906ஆம் ஆண்டின் நகரப் பாடசாலைகள் சட்டமும் 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும், தாய்மொழிப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பில் ஒரு பங்கை உள்ளூர் அமைப்புகளிடம் கொடுக்க வந்தவை. அதற்கு முன்பும் பின்பும் மட்டக்களப்பின் கல்வி பெரும்பாலும் மிஷன்களின் தோளில் இருந்தது. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. அதன் பின்னால் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் உழைப்பு இருந்தது. ஊராரின் கொடையும் அரசின் உதவி நன்கொடையும் சேர்ந்து இத்தகைய பாடசாலைகளைத் தாங்கின. ஆனால் தாய்மொழிப் பாடசாலை இலவசம், ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் என்ற பிளவு இருந்தது. உத்தியோகத்துக்கு வழி காட்டியது ஆங்கிலப் பாடசாலைதான். ஏழைப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியே கிடந்தது.

அந்தக் கதவைத் திறந்த விசை வாக்குச்சீட்டு. 1931இல் இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டு கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கல்வி பற்றி அவர் தலைமையிலான விசேட குழு தந்த அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1944இல் அரசாங்க சபை அதைப் பல நாள் விவாதித்தது. 1945 அக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. படிப்பின் செலவை ஊரின் சொத்திலிருந்தும் பெற்றோரின் பணப்பையிலிருந்தும் அறுத்து, நாடு முழுவதன் கருவூலத்தோடு கட்டிய நாள் அது. அதே 1944இல்தான், சிங்களத்தை மட்டும் போதனா மொழியாகவும் அரச மொழியாகவும் ஆக்கக் கோரிய பிரேரணையில் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைத் திருகோணமலை–மட்டக்களப்புப் பிரதிநிதி வ. நல்லையா கொண்டுவந்தார். எந்தப் பணத்தில் படிப்பது, எந்த மொழியில் படிப்பது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே காலத்தில் விடை தேடின.

கிராமங்களில் எழுந்த மத்திய பாடசாலைகள் அந்த மாற்றத்தின் கண்கண்ட சாட்சி. வந்தாறுமூலையில் அப்படி ஒன்று அமைந்தது. 1981இல் அந்த வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. வந்தாறுமூலையின் வீட்டு வரியை மட்டும் நம்பியிருந்தால், அங்கே ஒரு பல்கலைக்கழகம் முளைத்திருக்காது.

அப்படியானால் இன்று கட்டுவது யார்? இதுதான் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் பகுதி. இலங்கை அரசின் வருவாயில் பெரும் பங்கு மறைமுக வரிகளிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையில், கடையில் சவர்க்காரம் வாங்கும் தாய் வரி கட்டுகிறாள். கைப்பேசிக்கு மீள்நிரப்பும் கூலித் தொழிலாளி கட்டுகிறார். அந்தத் துளிகள் கொழும்புக்குப் போய்த் திறைசேரியில் சேர்கின்றன. பின்பு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி மாகாணத்துக்கு வந்து, கல்வி வலயத்துக்கு இறங்கி, ஆசிரியரின் சம்பளமாகப் பாதையில் ஏறி மண்டூருக்குப் போகின்றன. இலவசக் கல்வி என்று நாம் சொல்வது முன்கூட்டியே பணம் கட்டிய கல்வி. அதைக் கட்டியவர்களில் ஏழையும் ஒருவர்.

ஆனால் 1945இல் அறுத்த கயிறு மெல்ல மெல்ல மீண்டும் முடிச்சுப்போடப்படுகிறது. முதலாம் தர அனுமதியில் அரைவாசி இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு. அதனால் பெயர்பெற்ற பாடசாலையைச் சுற்றியுள்ள வீட்டுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. பொஸ்டன் புறநகர்களை ஆராய்ந்த பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக், பரீட்சைப் பெறுபேறு 5 வீதம் உயர்ந்த பாடசாலைக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் ஏறக்குறைய 2.5 வீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று 1999இல் காட்டினார். வரியாகக் கேட்காத பணம் விலையாகப் போகிறது.

இரண்டாவது முடிச்சு பாடசாலை அபிவிருத்திச் சங்கம். வசதிகள் கட்டணம், மின்விசிறிக்கு, மதிலுக்கு, விளையாட்டுப் போட்டிக்கு என்று பெற்றோரிடம் பணம் கேட்கப்படுகிறது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பினாலும் வகுப்பில் பெயர் வாசிக்கப்படும்போது பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. நகரத்துப் பாடசாலைக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். அக்கரைப் பாடசாலையின் பழைய மாணவர் வயலில் நிற்கிறார். எட்ஜ்வுட்டின் கணக்கு, வரி என்ற பெயர் இல்லாமலே நம் வாவிக்கு வந்துவிட்டது.

அமெரிக்க முறையில் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே கட்டுகிறவருக்குத் தான் கட்டுவது தெரியும், தெரிவதால் கேட்கிறார். இங்கே நாம் கட்டுவது நமக்கே தெரிவதில்லை. இலங்கையில் நாடளாவிய சர்வசன வாக்கெடுப்பு ஒரே ஒருமுறைதான், 1982 டிசம்பர் 22இல் நடந்தது. அதுவும் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க. ஊர்ப் பாடசாலையின் நிதியைப் பற்றி ஊரார் வாக்களிக்க ஏற்பாடு இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர மற்றவை மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தல் இல்லாமலே ஓடிவிட்டன. நம் பாடசாலைகளுக்குப் பொறுப்பான சபையில் நம் பிரதிநிதி இல்லை.

இடைவழி ஒன்றும் தமிழரிடையே உண்டு. சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் நூலக வரியும் சேர்ந்தே வருகின்றன. நூலக வரிக்கு வேர் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சம்பளம் போன்ற பெரிய செலவைப் பெரிய அரசு ஏற்க, வீட்டு வரியின் ஒரு சிறு பங்கு அறிவுக்கு என்று பெயர் குறிக்கப்பட்டால் கட்டுகிறவர் அதைக் காண்கிறார். ஆனால் அந்தப் பங்கு கரை பார்த்துப் பிரியக்கூடாது. எழுவான்கரையில் திரட்டியது படுவான்கரைக்கும் போக வேண்டும்.

என் முடிவு இது: பிள்ளையின் படிப்புச் செலவு அவள் வீட்டு மண்ணின் விலையில் தங்கியிருக்கக் கூடாது. 1945இல் எடுத்த அந்த முடிவு சரியானது. அதைக் காக்க வேண்டும். காப்பதற்கு முதல் படி கேட்பது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வந்த பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு, பக்கத்துப் பாடசாலைக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். சவர்க்காரம் வாங்கிய அன்றே நீங்கள் கட்டிவிட்டீர்கள். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை.