அஞ்சு மார்க்: பாஸா, ஃபெயிலா?

எதிர்வீட்டு அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவினார். அவருடைய மச்சானுக்கு நாக்கின் ஓரத்தில் புற்று. ஆபரேஷன் செய்து, கரண்டும் வைத்து முடித்தபின் மறுபடி வந்துவிட்டது.

“பி.டி-எல்1, சி.பி.எஸ். 5-னு போட்டிருக்கு தம்பி. இம்யூனோதெரபி ஊசி போடலாம், ஆனா எல்லாருக்கும் கேக்காதுங்கிறார் டாக்டர். அஞ்சுன்னா பாஸா, ஃபெயிலா?”

“டீயைக் குடிங்கண்ணே, சொல்றேன்.”

நம் ரத்தத்தில் டி செல்கள் வாட்ச்மேன் வேலை பார்க்கின்றன. திருடனை அடிக்கிற வேகத்தில் வீட்டுக்காரரையும் அடித்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக அவற்றின் மேல் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அடங்கிவிடும். அதன் பெயர் பி.டி-1. 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. அந்தப் பொத்தானை அழுத்தும் விரல்தான் பி.டி-எல்1. புற்றுசெல்கள் இந்த விரலை நிறைய முளைக்க வைத்துக்கொண்டு வாட்ச்மேனை உட்கார வைத்துவிடுகின்றன. விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே புகுந்து தடுப்பதுதான் ஊசியின் வேலை. இந்த வழியைத் திறந்ததற்காக 2018இல் ஹோஞ்சோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

“அப்ப அந்த அஞ்சு?”

“வெட்டியெடுத்த சதைத்துண்டில் எத்தனை செல்களில் அந்த விரல் இருக்கிறது என்ற கணக்கு. ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஊசியை யோசிக்கலாம்.”

“அப்ப பாஸுதானே? பின்னே ஏன் எல்லாருக்கும் கேக்காது?”

கேள்வி நியாயமானது. நிவோலுமாப் என்ற ஊசிக்கு, நாக்குப் புற்றும் அடங்கும் தலை-கழுத்துப் புற்றில் 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் வாங்கித்தந்த ஆய்வில், கட்டி கணிசமாகச் சுருங்கியது 100 பேரில் சுமார் 13 பேருக்குத்தான். பழைய மருந்துகளில் அது 6. இரண்டு மடங்குதான், ஆனாலும் 87 பேர் மிச்சம்.

அண்ணன் வீட்டில் அவருடைய அம்மாவின் பலகாரக் குறிப்பு நோட்டு இருக்கிறது. ஒரு காரணம் சொல்ல அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். “அதில் ரெண்டு பக்கத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டால் என்ன ஆகும்?”

“எழுத்து அப்படியே இருக்கும். படிக்க முடியாது.”

அதுதான் எபிஜெனெடிக்ஸ். நாக்கு செல்லிலும் டி செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே நோட்டுதான், அதாவது ஒரே டி.என்.ஏ. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிப் பருக்கை ஒட்டினால், பெரும்பாலும் அந்த இடத்து மரபணு வாய் மூடிக்கொள்ளும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. நூலை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளில் சுற்றியிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தையும் படிக்க முடியாது.

புற்று இந்த இரண்டு வித்தையையும் கற்றுவைத்திருக்கிறது. செல்கள் தம் உள்ளே இருப்பதை வாட்ச்மேனுக்கு வெளியே காட்ட ஒரு புரதத் தட்டு உண்டு. அந்தத் தட்டைச் செய்யும் மரபணுக்களை, இ.இசட்.எச்-2 என்ற நொதியைக் கொண்டு புற்றுசெல் இறுக்கிச் சுற்றிவிடுவதுண்டு. ஊசி போட்டு வாட்ச்மேனை எழுப்பினாலும் திருடன் முகம் தெரியாது.

வாட்ச்மேனின் சொந்த நோட்டிலும் ஒரு சிக்கல். ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ரஃபி அகமதின் குழு, 2011இல் எலிகளில் ஒன்றைக் கவனித்தது. வேலையில் இறங்காத டி செல்லில் பி.டி-1 பக்கம் ஒட்டியே இருக்கிறது. வைரஸ் வந்ததும் திறக்கிறது. சில நாளில் வைரஸ் ஒழிந்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. வைரஸ் நெடுநாள் தங்கிவிட்டாலோ, பின்னால் அது குறைந்தபோதும் அந்தப் பக்கம் ஒட்டவே இல்லை. புற்றும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கூடவே இருப்பதுதானே. ஊசி போட்டதும் களைத்த டி செல்கள் கொஞ்ச காலம் எழுந்து வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் நோட்டில் பக்கங்கள் பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கின்றன என்று 2016இல் வந்த எலி ஆய்வுகள் காட்டின.

“ஒட்டினதைப் பிரிக்க மருந்து இல்லையா?”

இருக்கிறது. அசாசைட்டிடின், டெசிட்டபின் என்ற மருந்துகளுக்கு ரத்த உற்பத்திக் கோளாறு ஒன்றில் 2004, 2006இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. மெத்திலைக் குறைத்து, மூடிய பக்கங்களைப் பிரிப்பவை அவை. ஆனால் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிரிக்கத் தெரியாது. காட்டும் தட்டின் பக்கத்தைத் திறக்கிற அதே கை, விரலின் பக்கத்தையும் திறந்துவிடலாம். அதனால்தான் பிரிக்கும் மருந்தையும் ஊசியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். தலை-கழுத்துப் புற்றில் இது இன்னும் பரிசோதனைக் கட்டம்தான்.

அண்ணனின் முகம் வாடியது. கையில் இருப்பதைச் சொன்னேன். மும்பை டாட்டா மெமோரியலில், முற்றிய தலை-கழுத்துப் புற்றுக்காரர்களுக்கு மூன்று வகை மாத்திரைகளோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; செலவும் அந்த அளவுக்குக் குறையும். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 16. ஊசியும் சேர்ந்தபோது 43. “இது உங்க மச்சானுக்குப் பொருந்துமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.”

“சரி, அஞ்சு பாஸா இல்லையா? அதைச் சொல்லலையே.”

“அது மார்க்கே இல்லண்ணே. அன்னைக்கு வெட்டின துண்டில் எத்தனை விரல்னு எண்ணினது. வாட்ச்மேன் நோட்டில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு, எது திறந்திருக்குன்னு அந்தத் தாளில் எழுதலை.”

அவர் தாளை மறுபடி உறைக்குள் செருகினார். “அப்ப ஹால் டிக்கெட்டுன்னு வெச்சுக்கறேன்” என்றார்.