கணக்கு இலக்கம் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால்...



கடையை மூடிய பின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் வீடு செல்லும் வியாபாரி எம்மில் எவருமில்லை. ஆனால் அதே வியாபாரியின் மின்னஞ்சலுக்கு மகனின் பெயரும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல்லாக இருக்கும். கடைக்குள் இருக்கும் சரக்கை விட அந்த மின்னஞ்சலுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் பெரியது என்பதைப் பலர் உணர்வதில்லை. கள்வன் அதை நன்றாக உணர்ந்திருக்கிறான்.

இறக்குமதியாளர்களைப் பதம் பார்க்கும் மோசடியை முதலில் சொல்கிறேன். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் சீனாவிலுள்ள ஒரே தொழிற்சாலையில் பல வருடங்களாகச் சரக்கு எடுத்து வந்தார். முற்பணம் கட்டி, கொள்கலன் தயாரானதும் மீதியை டீ.டீ. மூலம் அனுப்புவது வழக்கம். ஒரு நாள், "எமது கணக்கில் தணிக்கை நடைபெறுகிறது, மீதியை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. அதே விலைப்பட்டியல், அதே முத்திரை, அதே தொகை. அனுப்பிவிட்டார். பத்து நாட்களின் பின், "காசு இன்னும் வரவில்லையே" என்று தொழிற்சாலை கேட்டபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது.

இது எப்படி நடக்கிறது? கள்வன் எதையும் உடைப்பதில்லை. "உங்கள் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று முதலில் ஒரு மடல் அனுப்புவான். அழுத்தினால் அசல் போன்றே ஒரு பக்கம் திறக்கும். வாங்குபவரோ விற்பவரோ யாராவது ஒருவர் அதில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். அதன் பின் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் மடல்களை வாசிப்பான். சரக்கு என்ன, எவ்வளவு பாக்கி, எப்போது கட்டுவார்கள் என்பதெல்லாம் தெரிந்த பின்னரே குறுக்கே வருவான்.

பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டையும் ஒட்டி வைத்தால் அவசரத்தில் யாருக்கும் தெரியாது. சில வேளை அசல் முகவரியிலிருந்தே மடல் வரும். ஆகவே "முகவரி சரியாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதலடைய முடியாது. "இது உண்மையா?" என்று அதே மின்னஞ்சலில் திருப்பிக் கேட்பதிலும் பயனில்லை. பதில் எழுதப் போவது கள்வன்தான். நீங்கள் பல வருடமாக வைத்திருக்கும் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பெடுத்து, பழகிய குரலிடம் கேளுங்கள். மடலின் அடியில் உள்ள இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம்.

காசு போய்விட்டால் அந்த நிமிடமே வங்கிக்கு அறிவித்துத் திருப்பி அழைக்கச் சொல்ல வேண்டும். மறு பக்கத்தில் காசை எடுத்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். "நீங்கள் எழுதித் தந்த கணக்குக்குத்தானே அனுப்பினோம்" என்று வங்கி சொல்லும். அதை விடப் பெரிய நட்டம், "உன் மின்னஞ்சலால்தான்", "இல்லை, உன்னுடையதால்தான்" என்று இரு தரப்பும் சண்டையிட்டுப் பல வருட நம்பிக்கை உடைவது.

சிறிய வியாபாரிகள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என எண்ண வேண்டாம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டொலரை எடுக்க 35 கட்டளைகளை அனுப்பினர். வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்புவது போல ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்கள்தான் அதற்கு வாசலாக இருந்தன. வெள்ளிக்கிழமை டாக்காவில் விடுமுறை என்பதால் வியாழன் இரவைத் தெரிவு செய்திருந்தனர். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போனது. 2 கோடி டொலர் எமது நாட்டு நிறுவனமொன்றின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபண்டேஷன்' எனப் பிழையாக இருந்ததால், இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது. அந்த ஒரு கேள்வியால் 2 கோடி டொலரும் தப்பியது.

அழைக்காமல் வரும் விளம்பர மடல்களை 'ஸ்பாம்' என்கிறார்கள். உண்மையில் அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பன்றி இறைச்சி டின்னின் பெயர். பெயரே அப்படியிருக்க, நாம் அதைத் திறக்காமல் அழித்துவிடுவதே நல்லது! லொத்தர் விழுந்ததாகவும் பார்சல் வந்திருப்பதாகவும் சொல்லும் மடல்களும் குறுந்தகவல்களும் இந்த வகைதான்.

அடுத்தது கணனியை முடக்கும் தீய மென்பொருள். 2017 மே மாதம் 'வன்னாக்ரை' என்பது சுமார் 150 நாடுகளில் கணனிக் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் கேட்டது. அதற்கான பரிகாரத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காமல் விட்டவர்களே மாட்டிக்கொண்டனர். பில் போடும் கணனியில் களவாகப் பிரதி செய்த மென்பொருளைப் போட்டு, ஊரார் பென் டிரைவ்களை எல்லாம் செருகுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. கடன் கொப்பி, கையிருப்புக் கணக்கு எல்லாவற்றையும் வாரமொரு முறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கழற்றாவிட்டால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

வட்ஸ்அப்பிலும் அவதானம் தேவை. "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடொன்று வந்திருக்கிறது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய், உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரிடமே கடன் கேட்பான்.

இதற்கு இரட்டைச் சரிபார்ப்பு என்றொரு வசதி உண்டு. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் அது கேட்கும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, இரு சாட்சிகளை வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். ஒரு சாட்சியோடு நிற்காத மார்க்கத்தைப் பின்பற்றும் எமக்கு இது புதிய பாடமல்ல. மின்னஞ்சல், வட்ஸ்அப் இரண்டிலும் இன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "முதலாளி சொன்னார், காசு போடு" என்று தகவல் வந்தால், உங்களுக்கு அழைப்பெடுத்துக் கேட்கும் தைரியம் அவர்களுக்கு இருக்க வேண்டும். கேட்ட பிள்ளையை ஏசினால் அடுத்த முறை அவன் கேட்கமாட்டான்.

ஏமாந்தவர்கள் "மார்க்கட்டில் பெயர் கெட்டுவிடும்" என்று மறைக்கிறார்கள். மறைத்தால் கள்வன் அடுத்த கடைக்குப் போவான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2006 முதல் இயங்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்திலும் பொலிசிலும் முறையிடலாம். பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். அவரது பொருளைக் காப்பதும் ஒரு நன்மைதான்.

எமது பொருளிலும் உழைப்பிலும் வல்ல அல்லாஹ் பறகத் செய்வானாக. வஸ்ஸலாம்.