மேலெழும் மட்டை, கீழிறங்கும் பந்து

சங்கச் செய்திகளையும் பிள்ளைகளின் தேர்ச்சி விவரங்களையும் கோயில் விழா அறிவிப்புகளையும் இவ்விதழில் படித்துப் பழகிய அன்பர்கள், இம்மாதம் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டு சற்றே வியக்கக்கூடும். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தாவுக்கு இதைப் பற்றி எழுத என்ன தகுதி என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தோம். ஆட்டத்திலும் பட்டம் எதுவும் பெற்றதில்லை. ஆயினும் இந்த ஆட்டத்தில் ஒரு பிழையான பாடத்தைக் கற்பித்து, அதனால் நம் மகளின் கைக்கே தீங்கு செய்துவிட்டோம். பின்னர் அதனைத் திருத்திக்கொள்ளச் சில மாதங்கள் பாடுபட்டோம். அதே பிழையை வேறொரு தகப்பனார் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகபுரியில் நாம் வசிக்கும் காலனியில் ஒரு டென்னிஸ் களம் உண்டு. மகளுக்கு இப்போது வயது பதின்மூன்று. சென்ற நவம்பரில் சிறுமியர் போட்டியில் அவள் முதன்முறையாக ஆடினாள். ஓட்டத்திலும் துணிவிலும் குறைவில்லை. ஆனால் போர்ஹாண்ட் பக்கம் வந்த பந்துகளை அவள் ஓங்கி அடித்தபோதெல்லாம் அவை கடைக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தன. ஓரத்தில் நின்ற நாம், "மெதுவாக அடி, மெதுவாக அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவளும் அஞ்சி அஞ்சி அடித்தாள். எதிராளிக்கு அது விருந்தாயிற்று. 6-3, 6-2 என்று ஆட்டம் முடிந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது. "அப்பா, ஓங்கி அடித்தால் வெளியே போகிறது, மெதுவாக அடித்தால் அவள் திருப்பி அடித்துவிடுகிறாள். நான் எப்படித்தான் அடிப்பது?"

இக்கேள்விக்கு டென்னிஸ் உலகம் கண்ட விடைதான் டாப்ஸ்பின். தமிழில் முன்சுழல் எனலாம். ஓடும் வண்டியின் சக்கரம் எவ்வாறு முன்னோக்கிச் சுழல்கிறதோ, அவ்வாறே பந்தும் தான் செல்லும் திசையில் சுழன்றுகொண்டே பறப்பது முன்சுழல். அப்படிச் சுழலும் பந்தின் மேற்புறம் எதிர்க்காற்றோடு மோதுகிறது. அடிப்புறமோ காற்றின் போக்கிலே செல்கிறது. அதனால் பந்தைக் கடந்து போகும் காற்று பின்னால் சற்று மேல்நோக்கித் திரும்புகிறது. காற்றை மேலே தள்ளிய பந்து தான் கீழே தள்ளப்படுகிறது. புவியீர்ப்போடு இந்த விசையும் சேர்ந்துகொள்ளவே, வலைக்கு மேலே உயர்ந்து சென்ற பந்தும் விரைந்து வளைந்து களத்துக்குள் இறங்குகிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமன்று. சாய்த்த மட்டையால் அடிக்கப்பட்ட பந்து வளைந்து செல்வதைக் கண்டதாக ஐசக் நியூட்டன் 1672ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் குறிப்பிட்டார். 1877இல் ரேலி பிரபு டென்னிஸ் பந்தின் போக்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இவ்விசைக்கு ஜெர்மானிய விஞ்ஞானி மாக்னஸின் பெயர் வழங்குகிறது.

களத்தின் அளவை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். ஒரு கடைக்கோட்டிலிருந்து மறு கடைக்கோட்டுக்கு 78 அடி. நடுவில் உள்ள வலை மையத்தில் 3 அடி உயரம். இரு கம்பங்களின் அருகே மூன்றரை அடி. சுழற்சியின்றி வேகமாக அடித்த பந்து வலையை ஒட்டியே செல்ல வேண்டும். சற்று உயர்ந்தால் வெளியே, சற்றுத் தாழ்ந்தால் வலையிலே. முன்சுழல் ஊட்டிய பந்தோ வலைக்கு மேல் மூன்று நான்கு அடி உயர்ந்து சென்றும் உள்ளே விழும். ஆகவே முன்சுழல் ஓர் அலங்காரமன்று. அச்சமின்றி முழு வீச்சில் அடிப்பதற்குக் கிடைத்த உரிமைச்சீட்டு அது.

இவ்வளவும் அன்று நமக்குத் தெரிந்திருந்தால் நன்று. நாம் அறிந்திருந்ததோ எங்கோ செவிவழி வந்த ஒரே வாக்கியம்: "பந்து மட்டையில் படும்போது மணிக்கட்டைப் புரட்டி, பந்தின் மேல் மட்டையைச் சுருட்ட வேண்டும்." அதையே மகளுக்குக் கற்பித்தோம். தினமும் விடியற்காலையில் நூறு முறை மணிக்கட்டைப் புரட்டச் செய்தோம். பந்து பெரும்பாலும் வலையிலே போய் முட்டியது. "இன்னும் புரட்டு" என்றோம். மூன்றாம் வாரம் அவளது மணிக்கட்டு வீங்கியது; எழுதுகோல் பிடிக்கவும் இயலவில்லை. மருத்துவர் மூன்று வாரம் கையை அசைக்காதிருக்கக் கட்டளையிட்டார். அரையாண்டுத் தேர்வை அவள் வலியோடு எழுதினாள்.

நம் இல்லாள் அன்று அதிகம் பேசவில்லை. "பிள்ளைக்குச் சொல்லித் தருமுன் நீங்கள் கற்றுக்கொண்டீர்களா?" என்று மட்டுமே கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

விடை தந்தவர் நம் காலனிப் பெரியவர் ஒருவர். பொன்மலையில் பிறந்து, எஞ்சின் ஓட்டுநராக ஓய்வு பெற்றவர். இளமையில் நன்றாக ஆடியவர். நடந்ததைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, பந்து மட்டையில் தங்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் நாலைந்து கூறு. அதற்குள் நீங்கள் எதைச் சுருட்டுவீர்கள்?" என்றார். உண்மை அதுவே. விரைவாகப் படமெடுக்கும் கருவிகள் வந்தபின் இது கண்கூடாயிற்று. சிறந்த ஆட்டக்காரர்களின் மட்டை முகம், பந்தைத் தொடும் கணத்தில் ஏறக்குறையச் செங்குத்தாகவே நிற்கிறது, சிறிதளவே முன்சாய்ந்திருக்கும். முன்கை திரும்புவதெல்லாம் வீச்சின் இயல்பான தொடர்ச்சி. நாம் கண்ணால் காணும் அந்தத் திருப்பத்தில் பெரும்பகுதி, பந்து மட்டையை விட்டுப் போன பிறகே நிகழ்கிறது. விளைவைக் காரணமென்று நாம் மயங்கியிருந்தோம்.

அப்படியானால் சுழற்சி எங்கிருந்து வருகிறது? மட்டை தாழ்விலிருந்து மேல்நோக்கி எழுவதிலிருந்தே வருகிறது. முன்னோக்கியும் மேல்நோக்கியும் ஒருங்கே செல்லும் மட்டை, பந்தின் பின்புறத்தை மேல்நோக்கி வருடிச் செல்லும்போது பந்து முன்சுழலாகிறது. இதிலே ஒரு சிரமமும் உண்டு. தரையில் பட்டு எழும் பந்து பெரும்பாலும் நம்மை நோக்கி முன்சுழன்றே வருகிறது. அதைத் திருப்பி அனுப்புகையில் முன்சுழலாக்க வேண்டுமானால், அந்தச் சுழற்சியை நிறுத்தி எதிர்த்திசையில் சுழலச் செய்ய வேண்டும். ஆகவேதான் மட்டை தயங்காமல், நல்ல வேகத்தோடு மேலே எழ வேண்டும். மெதுவாக வருடினால் சுழற்சி பிறப்பதில்லை. "மெதுவாக அடி" என்ற நம் பழைய உபதேசம் எவ்வளவு தவறென்பது அப்போதுதான் புரிந்தது.

மகளின் கை குணமானதும், பொங்கலுக்குப் பின் பெரியவர் அவளுக்குப் படிப்படியாகக் கற்பித்தார். அந்த முறையை வலக்கை ஆட்டக்காரருக்கு உரியதாக இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, பிடி. மட்டையைத் தரையில் படுக்க வைத்து, கைப்பிடியின் முனையில் இயல்பாகப் பற்றி எடுத்தால் கை சற்றே கைப்பிடிக்கு அடியில் வந்து அமரும். முன்சுழலுக்கு ஏற்ற பிடி ஏறக்குறைய அதுவே. இறுக்கிப் பிடித்தல் ஆகாது. சிறு பறவையைப் பிடித்தாற்போலப் பிடித்தல் வேண்டும்.

இரண்டாவது, திரும்புதல். பந்து வலையைத் தாண்டுமுன்பே தோள்கள் பக்கவாட்டில் திரும்பிவிட வேண்டும். இடக்கையும் மட்டையின் கழுத்தைப் பற்றியவாறு உடன் சென்றால் தோள் தானே திரும்பும். கையால் மட்டும் அடிப்பவருக்கே மணிக்கட்டு வலிக்கிறது.

மூன்றாவது, தாழ்தல். முழங்கால்கள் மடிய, மட்டையின் தலை பந்தின் உயரத்துக்கு ஒரு சாண் முதல் ஓரடி வரை கீழே இறங்க வேண்டும். இங்கே சோம்பினால் மற்றவை யாவும் வீண்.

நான்காவது, தொடுதல். பந்தை உடலுக்குப் பக்கத்தில் அல்லாமல், முன் இடுப்புக்குச் சற்று முன்னால் சந்திக்க வேண்டும். மட்டை முகம் செங்குத்து. கண் பந்தின் மேல்.

ஐந்தாவது, முடித்தல். மட்டை தன் வேகத்திலேயே சென்று இடத்தோளின் அருகே வந்து ஓய வேண்டும். நடுவழியில் நிறுத்துவது அச்சத்தின் அடையாளம்.

பயிற்சிகளும் எளியவையே. முதல் நாள் பந்தை வலையோடு ஒட்டி வைத்து, மட்டையால் அதன் பின்புறத்தை மேல்நோக்கித் தடவி வலைக்கு அப்பால் உருட்டிவிடச் செய்தார். கைக்குச் சுழற்சியின் உணர்வு அதனால் வந்தது. பின்பு பழைய பந்துகளின் மேல் மையால் சுற்றிலும் ஒரு பட்டை தீட்டி, அந்தப் பட்டை வலையை நோக்கி நிற்கும்படி பந்தைக் கைவிட்டு அடிக்கச் சொன்னார். பட்டை நேராக உருண்டால் சுழற்சி சரி. தள்ளாடினால் மட்டை கோணலாகப் பட்டிருக்கிறது. அடுத்து, இரு மூங்கில்களை நட்டு வலைக்கு மேலே மூன்றடி உயரத்தில் கயிறு ஒன்றைக் கட்டினார். அக்கயிற்றுக்கு மேலே சென்று களத்துக்குள் விழும் பந்துக்கே மதிப்பெண். வலையிலிருந்து 21 அடியில் உள்ள சர்வீஸ் கோட்டில் தொடங்கி, பத்துக்கு ஏழு தேறிய பின்னரே பின்னால் நகர அனுமதித்தார். முதல் வாரம் பத்துக்கு இரண்டு. மார்ச்சு மாதத்தில் ஏழு.

பிழைகளை அறியவும் அவர் வழி சொன்னார். பந்து அடிக்கடி வலையில் விழுந்தால் மட்டை முகம் கவிழ்ந்திருக்கிறது, அல்லது வீச்சு போதிய அளவு மேலே எழவில்லை. நீண்டு வெளியே போனால் முகம் வானத்தை நோக்கி மலர்ந்திருக்கிறது. சட்டத்தில் பட்டுச் சிதறினால் கண் விலகியிருக்கிறது. வலித்தால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. வலியைத் தாண்டிப் பழகுவது வீரமன்று. மட்டை நரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்காலத்துப் பாலியெஸ்டர் நரம்புகள் சுழற்சிக்கு உதவுவன, ஆனால் விறைப்பானவை. வளரும் பிள்ளைகளின் கைக்கு மென்மையான நரம்பே நல்லது.

முன்சுழல் ஒன்றே டென்னிஸ் என்று யாரும் எண்ணிவிடலாகாது. தந்தையார் டி.கே. ராமநாதனிடம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டம் பெற்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். அவருடைய ஆட்டம் வலிமையை நம்பியதன்று. மென்மையான தொடுகையையும் பந்தை இடமறிந்து வைக்கும் நுட்பத்தையும் நம்பியது. மட்டைகள் மரத்தாலானவையாகவும் சிறியனவாகவும் இருந்த காலம் அது. 1961 அரையிறுதியில் அவரை வென்ற ராட் லேவர், மரமட்டையாலேயே முன்சுழல் அடித்தவர். பின்னர் வந்த பியான் போர்க் முன்சுழலையே முதலாக வைத்து ஆறு பிரெஞ்சுப் பட்டங்களையும், 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து விம்பிள்டன் பட்டங்களையும் வென்றார். 2024இல் ஓய்வு பெற்ற ரஃபேல் நடால் பிரெஞ்சுப் பட்டத்தைப் பதினான்கு முறை வென்றவர். அவருடைய போர்ஹாண்ட் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,000 சுற்றுக்கு மேல் சுழன்றதாக அளந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில், வெயில் ஏறுமுன் காலை ஆறரை மணிக்கு, நம் மகள் பழைய எதிராளியோடு மறுபடி ஆடினாள். வெப்பத்தில் பந்து துள்ளி எழும், விரைந்து ஓடும், பழைய முறையில் அடித்திருந்தால் பாதிப் பந்து வெளியே போயிருக்கும். இம்முறை நாம் வாய் திறப்பதில்லை என்று இல்லாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மகள் தோற்றாள், ஆனால் 7-5, 6-4 என்று தோற்றாள். இறுதி ஆட்டத்தில் பின்தங்கி நின்ற வேளையில், அவள் முழங்கால் மடித்துத் தாழ்ந்து முழு வீச்சில் ஒரு போர்ஹாண்ட் அடித்தாள். பந்து வலைக்கு மேலே உயரமாகச் சென்றது. வெளியேதான் போகிறது என்று நம் நெஞ்சு துணுக்குற்றது. அது வளைந்து இறங்கி, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்து, எதிராளியின் தோளுக்கு மேல் துள்ளியது. மகள் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்துச் சிரித்தாள். அது முறைதானே!

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், பிள்ளைகளிடம் "மெதுவாக, மெதுவாக" என்று சொல்வதையே அன்பென்று எண்ணிப் பழகிவிட்டோம். அடங்கி அடிக்கச் சொல்வதைவிட, ஓங்கி அடித்தும் எல்லைக்குள் விழச் செய்யும் வழியைக் கற்றுத் தருவதே மேல். அதற்கு முதலில் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குப் பெரியவர் களத்தில் இருப்பார். கயிறும் மூங்கிலும் மை பூசிய பந்துகளும் நம் பொறுப்பு. பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பழைய மட்டை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.