பரிசலும் விண்கலமும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்குச் செல்வோர் யாவரும் அருவியைக் கண்டு வியப்பர். நான் வியந்து நிற்பதோ கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலைக் கண்டே. மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டக் கூடை அது. முற்காலத்தில் அதன்மேல் தோலைப் போர்த்தினர். இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். இவ்வெளிய கூடை காவேரிப் பாறைகளில் மோதியும் பிளந்து போகாதிருக்கும் மர்மம் யாது?

மர்மம் பின்னலிலேதான் இருக்கிறது. பலகையில் அடிபட்டால், விரிசல் நார் ஓடும் வழியே தடையின்றி ஓடிவிடும். பின்னலிலோ ஒரு பிளாச்சு முறிந்தாலும், அதன் மேலும் கீழுமாகச் செல்லும் மற்றப் பிளாச்சுகள் பாரத்தைப் பகிர்ந்து கொள்ளும். கூடை சற்றே வளைந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தணிக்கும்.

இதே தத்துவத்தை விமானம் கட்டுவோரும் கையாளுகின்றனர். கரி இழைகளைத் துணியாக நெய்து, பிசின் ஊட்டி, அடுக்கடுக்காக வைத்து இறுகச் செய்கின்றனர். 2001 ஜனவரி 4ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த நமது தேஜஸ் போர் விமானத்தின் மேற்பரப்பில் பெரும்பகுதி இத்தகைய கரி இழைக் கலவையால் ஆனதே. இழைகளை ஒரே திசையில் நேராக அடுக்கினால் பலம் அதிகம். ஆனால் அடிபட்டால் அடுக்குகள் எளிதில் பிரியும். நெய்த இழைகள் வளைந்து செல்வதால் பலம் சிறிது குறையினும், விரிசல் பரவுவதை அவை தடுக்கின்றன.

ஆயினும் இதில் ஓர் அபாயம் உண்டு. இரும்பில் அடிபட்டால் பள்ளம் தெரியும். கலவைப் பொருளிலோ மேலே தழும்பும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கலாம்; பின்னர் அழுத்தம் ஏறும்போது அவ்விடமே நொடித்துவிடும். ஆதலால் நம் பெண்மணிகள் சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போல, நிபுணர்கள் நாணயத்தால் தட்டி ஓசையைக் கேட்கின்றனர். செவிக்கெட்டாத ஒலி அலைகளைச் செலுத்தியும் சோதிக்கின்றனர்.

சோதியாமற் போனதன் விலையை உலகம் அறியும். 2003 ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதிற்று. அவ்விளிம்பு கரியும் கரி இழையும் சேர்ந்த தகட்டாலானது. கலத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமெனப் பொறியாளர் சிலர் கோரினர், படம் எடுக்கப்படவில்லை. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பும் வழியில், சேதமுற்ற இடத்தில் கனல் புகுந்து கலம் சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். பின்னர் ஜூலையில், அதே வகைத் தகட்டின்மீது நுரைத் துண்டை எய்து சோதித்தபோது பெரிய துவாரமே விழுந்தது.

அன்பர்களே, அடியைத் தாங்குவது ஒரு குணம். அடிபட்டதை அறிவிப்பது வேறொரு குணம். பின்னலுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது குறைவு. அக்குறையை நிரப்ப வேண்டியது மனிதனுடைய கண்ணும் கையுமே. அடுத்த முறை ஒகேனக்கலுக்கு வருவோர், பரிசலில் ஏறுமுன் அதன் அடிப்புறத்தையும் ஒருமுறை பார்ப்பார்களாக.