7,000 கி.மீ.தான் ஓடியிருக்கு... டர்போ காருக்கு இப்பவே ஆயில் மாத்தணுமா?

“வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. 7,000 கி.மீ.தான் ஓடியிருக்கு. 10,000 வரட்டும், சர்வீஸ் விட்டுக்கலாம்.” தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலரின் கணக்கு இதுதான். ஜிஎஸ்டி சாலை நெரிசலில் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். ஏன்?

எங்கு பார்த்தாலும் டர்போ

4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜிஎஸ்டி 18%. வரம்பைத் தாண்டினால் 40%. சின்ன இன்ஜினில் பெரிய இன்ஜினின் இழுவை வேண்டுமென்றால் டர்போ கைகொடுக்கும். ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் 1 லிட்டர் டர்போ இதற்கு ஓர் உதாரணம்.

ஆயில்தான் உயிர்

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சின்ன விசிறிதான் டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சூட்டில் அதன் தண்டு உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் கசடாகிக் குழாயை அடைத்தால், டர்போ சீக்கிரமே அடி வாங்கும்.

கி.மீ. மட்டும் பார்த்தால் போதாது

ஹைவேயில் சராசரி 60 கி.மீ. வேகம் என்றால், 10,000 கி.மீ. ஓட இன்ஜின் சுமார் 167 மணி நேரம் உழைக்கிறது. பீக் ஹவரில் தாம்பரம் - கிண்டி ரூட்டில் சராசரி 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 7,000 கி.மீ.க்கே 350 மணி நேரம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டேஷன் வரை மட்டும் போய் நிறுத்தும் கார்களில் ஆயில் முழுசாகச் சூடாவதில்லை. அதில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

மறைமலை நகர் பாடம்

ஆயில் ஓட்டம் நின்றால் என்னவாகும் என்பதற்கு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் உதாரணம். மறைமலை நகரில் தயாராகி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான இந்தக் காரின் 1 லிட்டர் டர்போ மாடல், 2023 டிசம்பரில் அங்கே திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளானது. பழுது டர்போவில் இல்லை. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் அமைப்பில். ஆயில் பிரஷர் இறங்கினால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும் அபாயம் இருந்தது.

என்ன செய்யலாம்?

• கி.மீ., மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ, அப்போதே சர்வீஸ். தவறினால் வாரன்டியிலும் சிக்கல் வரலாம்.

• நெரிசல், குறுகிய தூர ஓட்டத்துக்கு ஓனர் மேனுவலில் தனி அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

• மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில் மட்டுமே ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.

• ஹைவேயில் வேகமாக வந்து நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள்.

• செகண்ட் ஹேண்ட் வாங்குவோர், ஆயில் மாற்றிய பில்களில் தேதியையும் பாருங்கள்.

ஆயில் மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். டர்போ போனால் செலவு அதைவிடப் பல மடங்கு!