தங்கத்துக்கு மஞ்சள் பூசியது யார்?



அம்மாவின் கம்மலைப் பாருங்கள். பக்கத்திலேயே பாப்பாவின் வெள்ளிக் கொலுசையும் வையுங்கள். அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர், அலுமினியச் சட்டி, இரும்புக் கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். கம்மல் மட்டும் மஞ்சள். ஏன்?

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் உலோகங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டான். "அது அதோட இயல்புடா, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். உண்மை என்ன தெரியுமா? எனக்கு விடை தெரியாது! பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது அசந்துபோனேன். விடை ஐன்ஸ்டைனிடம் இருந்தது. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் செங்குத்தாக இருக்கும்.

அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது, அதில் புரோட்டான்கள் இருக்கின்றன, வெளியே எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்று படித்திருப்பீர்கள். (உண்மையில் எலக்ட்ரான் கிரகம் போலச் சுற்றுவதில்லை, மேகம் போலப் பரவியிருக்கிறது. இப்போதைக்குச் சுற்றுவதாகவே வைத்துக்கொள்வோம்.) ஹைட்ரஜனில் ஒரே ஒரு புரோட்டான். வெள்ளியில் 47. தங்கத்தில் 79! புரோட்டான் அதிகமானால் இழுவிசையும் அதிகம். அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க, உள்ளே இருக்கும் எலக்ட்ரான் அதிவேகமாக ஓடியாக வேண்டும்.

எவ்வளவு வேகம்? ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஹைட்ரஜனின் எலக்ட்ரான் அதில் 137-ல் ஒரு பங்கு வேகம்தான் ஓடும். தங்கத்தில் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரானோ 137-ல் 79 பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு சுமார் 1,73,000 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் போனால், நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் பூமியை நான்கு முறை சுற்றிவிடலாம்.

இங்கேதான் ஐன்ஸ்டைன் வருகிறார். 1905-ல் அவர் வெளியிட்ட சார்பியல் கொள்கை, எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது என்கிறது. எட்டப் போகப் போக என்ன ஆகும்? அதைத் தள்ளுவது கடினமாகிக்கொண்டே போகும். அதாவது, அந்தப் பொருளின் எடை கூடியது போல ஆகிவிடும். (பெரிய வகுப்புக்குப் போனால் 'எடை' என்ற சொல்லுக்கு உங்கள் ஆசிரியர் என்னைக் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.) சைக்கிளிலும் ரயிலிலும் இது நடப்பது தெரியாது. அவை ஒளிக்கு முன்னால் ஆமை. தங்கத்தின் உள் எலக்ட்ரானுக்கோ சுமார் 22 சதவீதம் எடை கூடிவிடுகிறது. 40 கிலோ பையன் ஓடத் தொடங்கியதும் 49 கிலோ ஆனது போல!

எலக்ட்ரானின் எடை கூடினால் அது சுற்றும் வட்டம் சுருங்கும். இதுவரை புரிந்ததா? இனி வருவதுதான் நான் சொன்ன செங்குத்தான இடம்.

தங்க அணுவின் வெளிப்பக்கத்தில் இரண்டு வகை எலக்ட்ரான்கள் இருக்கின்றன. பிளஸ் டூவில் இவற்றை எஸ் என்றும் டி என்றும் படிப்பீர்கள். எஸ் வகை, வெளியே வசித்தாலும் அவ்வப்போது அணுக்கருவின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வரும். அப்படிப் போகும்போது வேகம் எடுப்பதால் அதன் வட்டமும் சுருங்கிவிடுகிறது. டி வகை அந்தப் பக்கம் அதிகம் போகாது. அதற்கும் அணுக்கருவுக்கும் நடுவில் சுருங்கிய எலக்ட்ரான்கள் திரை போட்டது போல மறைப்பதால், டி வகையைப் பிடித்திருக்கும் பிடி கொஞ்சம் தளர்ந்து, அது மேலே எழும்புகிறது.

இரண்டு மாடிப்படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் டி, மேல்படியில் எஸ். சார்பியல் விளைவால் மேல்படி இறங்கிவிட்டது, கீழ்ப்படி ஏறிவிட்டது. இடைவெளி குறைந்துவிட்டது!

இடைவெளிக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? கீழ்ப்படியில் இருக்கும் எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவ வேண்டுமானால், அதற்கு ஒளியின் ஆற்றல் வேண்டும். வெள்ளியில் இந்த இடைவெளி பெரியது. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்குத்தான் அவ்வளவு பலம் உண்டு. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஏழு நிறங்களையும் வெள்ளி அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஏழும் சேர்ந்தால் வெண்மை அல்லவா? தங்கத்தில் இடைவெளி குறைந்துவிட்டதால் ஊதாவும் நீலமும் போதும். அவற்றைத் தங்கம் விழுங்கிவிடுகிறது. வெள்ளை ஒளியில் நீலப் பக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன நிறமாகத் தெரியும்? மஞ்சள்!

வெள்ளியிலும் இந்த விளைவு உண்டு. ஆனால் 47 புரோட்டான்தானே? உள் எலக்ட்ரானின் எடை ஆறேழு சதவீதம்தான் கூடுகிறது. சார்பியல் விளைவு மட்டும் இல்லாதிருந்தால் தங்கமும் வெள்ளி மாதிரிதான் இருந்திருக்கும். அப்புறம் 'பொன்னிறமாக வதக்கவும்' என்று சமையல் குறிப்பில் எழுத முடியுமா?

"அப்படியானால் செம்பு ஏன் சிவப்பு? அதில் 29 புரோட்டான்தானே?" என்று உங்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டவருக்கு என் பாராட்டு! செம்பில் அந்த இரண்டு படிகளும் இயல்பாகவே நெருக்கமாக அமைந்துவிட்டன. ஐன்ஸ்டைனுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

பெரிய விஞ்ஞானிகளே இதை முதலில் கவனிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். எலக்ட்ரானுக்கும் சார்பியலுக்கும் முடிச்சுப் போட்டு 1928-ல் புகழ்பெற்ற சமன்பாட்டைத் தந்தவர் இங்கிலாந்தின் பால் டிராக். அவரே மறு வருடம், சாதாரண வேதி வினைகளுக்குச் சார்பியல் முக்கியமில்லை என்று எழுதிவிட்டார். பல வருடங்கள் கழித்து, 1970-களில்தான் அது தவறு என்பது தெளிவாகத் தெரிந்தது. பின்லாந்தின் பெக்கா பியூக்கோ போன்றவர்கள், கனமான தனிமங்களின் குணங்களைச் சார்பியல் எப்படி மாற்றுகிறது என்பதை வரிசையாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

தங்கத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் பாதரசம். அணு எண் 80. பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் தரையில் முத்து முத்தாக ஓடுமே, அதுதான். நாங்கள் சின்ன வயதில் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். நீங்கள் தொட்டுவிடாதீர்கள்! அதன் ஆவி விஷம்.

பாதரசத்தின் குடும்பத்தைச் சேர்ந்த துத்தநாகம் உருக 420 டிகிரி செல்சியஸ் வேண்டும். காட்மியத்துக்கு 321 டிகிரி. பாதரசமோ மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! காரணம் அதேதான். அதன் வெளிப்புற எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் உள்ளே சுருங்கி, அணுக்கருவோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. பக்கத்து அணுக்களோடு கைகோத்துக்கொள்ள அவை அதிகம் முன்வருவதில்லை. கைகோக்காவிட்டால் திடப்பொருளாக நிற்பது எப்படி? 2013-ல் நியூசிலாந்தின் பீட்டர் ஷ்வெர்ட்ஃபெகரும் உடன் பணிபுரிந்தவர்களும் கணினியில் இதைக் கணக்கிட்டார்கள். சார்பியலை விட்டுவிட்டுப் போட்டால் உருகுநிலை 82 டிகிரி வந்தது. அதாவது, பாதரசம் ஒரு கட்டி! சார்பியலைச் சேர்த்ததும் 105 டிகிரி இறங்கி மைனஸ் 23-க்கு வந்துவிட்டது. நிஜ எண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் 'திரவம்' என்ற விடை சரியாக வந்துவிட்டதல்லவா?

காரின் பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கும். மொத்தம் ஆறு அறைகள், ஓர் அறைக்கு சுமார் 2.1 வோல்ட், ஆக 12 வோல்ட் சொச்சம். ஈயத்தின் அணு எண் 82. அப்படியென்றால் அங்கேயும் நம்மவர் இருக்க வேண்டுமே! ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் அகுஜாவும் பியூக்கோவும் மற்றவர்களும் 2011-ல் இதைக் கணக்கிட்டார்கள். ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் கிடைப்பது என்று விடை வந்தது. ஈயத்தின் தம்பியான வெள்ளீயத்தின் அணு எண் 50-தான். அதை வைத்து இப்படி ஒரு பேட்டரி ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஆறு அறைகளுக்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை காரில் சாவியைத் திருப்பி 'கர்ர்' என்று சத்தம் கேட்டால், அதில் பத்து வோல்ட்டுக்கு மேல் யாருடைய கணக்கு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.